அடுக்களைப் பக்கம்: சீஸ் வெடிப்பது ஏன்?



கடையில் சீஸ் வாங்கும்போது, பாலைத் திரிக்கச் சேர்த்த ரெனட் எந்தப் பிராணியின் வயிற்றிலிருந்து வந்தது என்ற ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ரெனட் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடும் இருக்கிறது. தேசிக்காய்ப் புளியால் திரித்தால் அந்தப் பேச்சே இல்லை. றொசல்லயில் மாடு வைத்திருப்பவர்களுக்குப் பாலும் கைக்கெட்டிய தூரத்தில்தான்.

ஆனால் கட்டியை அவிழ்த்துப் பார்த்தால் மேலே சொரசொரப்பு, ஓரமெல்லாம் வெடிப்பு! அழகுக் குறைதானே என்று விட்டுவிடாதீர்கள். வெடிப்பில் நீர் தங்கும். பழுதாவதும் அங்கேதான் தொடங்கும். வெட்டினால் துண்டு நிற்காமல் உதிரும். ஐந்து லீற்றர் பாலுக்கு முக்கால் கிலோ அளவுதான் கிடைக்கும். அதையும் உதிரவிடலாமா?

முதற் காரணம் நம்மூர்க் குளிர். திரளை சூடாக இருக்கும்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டும். வடித்துவிட்டு வேறு வேலை பார்த்து வந்தால் ஆறிப்போய் மணல்போல் நிற்கும். பிறகு அம்மிக்கல்லையே ஏற்றினாலும் சேராது. ஆகவே அச்சையும் சீலையையும் முன்கூட்டியே சுடுநீரில் போட்டு வையுங்கள். வடித்த சூட்டோடு திரளையை நிரப்பி, அடுப்படிக்குப் பக்கத்திலேயே அழுத்துங்கள்.

அடுத்தது சீலை. மெல்லிய பருத்திச் சீலையை, பால் திரிந்த நீரில் நனைத்துப் பிழிந்து விரிக்க வேண்டும். காய்ந்த சீலை ஒட்டிக்கொண்டு தோலை உரிக்கும். அதில் விழும் ஒவ்வொரு மடிப்பும் சீஸில் ஒரு கோடு.

பாரத்தை எடுத்த எடுப்பில் ஏற்றாதீர்கள். மேற்புறம் இறுகினால் உள்ளே நீர் அடைபட்டுவிடும். முதலில் ஒரு கிலோ, கால் மணி நேரம். பிறகு அவிழ்த்து, கட்டியைத் தலைகீழாகத் திருப்பி, சீலையைச் சுருக்கமின்றி மீண்டும் சுற்றி, மூன்று கிலோ வையுங்கள். பலர் தவறவிடுவது இந்தத் திருப்புதலைத்தான். மேலே வைக்கும் தட்டு அச்சுக்குள் சரியாக இறங்க வேண்டும். சிறிய பீங்கானை வைத்தால் திரளை ஓரத்தால் பிதுங்கி வரும். பாரம் நடுவில் இல்லாவிட்டால் கட்டி ஒரு பக்கம் சரியும்.

ஒரு மணி நேரம் போதும். எடுத்துக் குளிர்நீரில் சற்று நேரம் இட்டு, துடைத்து, உப்புத் தடவிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சில நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும். புளியால் திரித்தது நெடுநாள் தாங்காது.

தபூக்கில் நபி (ஸல்) அவர்களிடம் சீஸ் கொண்டுவரப்பட்டபோது, கத்தியைக் கேட்டு வாங்கி, பிஸ்மி சொல்லி வெட்டினார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. நீங்களும் பிஸ்மி சொல்லி வெட்டிப் பாருங்கள்; துண்டு உதிராமல் நிற்கிறதா என்று எழுதுங்கள்.