இயற்பியல் வகுப்பில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை?

இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுத்த மாணவர்கள் முதல் இரண்டாண்டுகள் பகுதி ஒன்று தமிழுக்காக எம் வகுப்பில் வந்து அமர்கின்றனர். சிலப்பதிகாரம் நடந்துகொண்டிருக்கையில் மேசைக்கடியில் செய்முறைப் பதிவேட்டுக்குப் படம் வரைவோரைப் பலமுறை கண்டும் காணாதவன்போல் இருந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு அவர்களுள் ஒருவன் வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்றான். திருச்செங்கோட்டில் அவன் தந்தைக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்த மோட்டாரை முகர்ந்து பார்த்தே பழுது சொல்லும் குடும்பம். அவனோ மின்னியலும் காந்தவியலும் என்னும் தாளில் இருமுறை தோற்றிருந்தான். “படிப்பை விட்டுவிட்டு அத்தாவோடு கடையில் உட்கார்ந்துவிடலாம் என்றிருக்கிறேன் ஐயா” என்றான்.

எது புரியவில்லை என்று கேட்டேன். “இண்டக்‌ஷன்” என்றான். தமிழில் அதற்கு என்ன சொல் என்றேன். பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவன் ஆகையால் “தூண்டல்” என்று உடனே வந்தது. தூண்டல் என்றால் என்ன என்றேன். வாய் திறக்கவில்லை. ஆங்கிலச் சொல்லை மட்டுமன்று, தமிழ்ச் சொல்லையும் அவன் பொருளறியாமலே மனப்பாடம் செய்திருந்தான்.

நான் இயற்பியல் அறியேன். தூண்டுதல் என்ற சொல்லை அறிவேன். விளக்குத் திரியை விரலால் சற்றே நகர்த்திச் சுடரை எழுப்புவதைத் தூண்டுதல் என்பர். அசைவு இல்லையேல் தூண்டுதல் இல்லை. அவ்வளவே எனக்குத் தெரிந்தது. எஞ்சியதை இயற்பியல் துறை நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு மறுநாள் அவனிடம் பேசினேன். 1831 ஆகஸ்டு 29 அன்று மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் ஒன்றோடொன்று தொடாத இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்னோட்டம் சீராகச் சென்றுகொண்டிருக்கும்வரை மற்றதில் ஒன்றுமே நிகழவில்லை. மின்னோட்டத்தைத் தொடங்கும் கணத்திலும் நிறுத்தும் கணத்திலும் மட்டும் காட்டியின் முள் துள்ளியது. காந்தப்புலம் இருப்பதனால் பயனில்லை, அது மாறவேண்டும். திரியை யாரேனும் நகர்த்தவேண்டும்.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, “ஐயா, போர்வெல் மோட்டாரில் உள்ளே சுற்றுகிற ரோட்டாருக்குக் கரண்ட் கொடுக்க ஒயரே கிடையாது. சுற்றியிருக்கும் காயிலுக்குத்தான் மூன்று பேஸும் போகும். அப்படியானால் ரோட்டாரில் ஓடுவது தூண்டப்பட்ட கரண்டா?” என்றான். நண்பரிடம் அழைத்துச் சென்றேன். அவர் எழுந்து வந்து அவன் தோளில் தட்டினார். அந்த மோட்டாரின் பெயரே ‘இண்டக்‌ஷன் மோட்டார்’ என்பதை அவன் பிறந்த நாள்முதல் கேட்டு வந்திருக்கிறான். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் நீர் விழுந்து மின்சாரம் பிறப்பதும் இதே தூண்டலால்தான் என்று நண்பர் சொல்லக் கேட்டு நானும் வியந்தேன். கடைக்கும் பாடநூலுக்கும் நடுவே ஒரு சொல் கதவாக நின்றது. அதைத் திறந்துகாட்ட யாரும் இல்லாததால் அவன் இருமுறை தோற்றான்.

கடினமான கணக்கால் மாணவர் தோற்கின்றனர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எம் மாவட்டங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பொறுத்தமட்டில் அதை நான் முழுதும் ஏற்பதற்கில்லை. விசைத்தறி, லாரிக் கூண்டு கட்டும் பட்டறை, கோழிப்பண்ணை, கிணற்று மோட்டார் ஆகியவற்றின் நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு மின்சாரம் அயலானது அன்று. ஈர்க்கும் காந்தமும் அவ்வாறே. சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையில் கிடப்பது மேக்னடைட் என்னும் காந்தத்தன்மை வாய்ந்த இரும்புத்தாது. (ஊரின் மறுபுறத்தில் வெட்டியெடுக்கப்படும் மாக்னசைட்டைக் காந்தம் ஒட்டாது. மாக்னீசியா என்னும் ஒரே பண்டை ஊர்ப்பெயரிலிருந்து இரண்டுக்கும் பெயர் வந்ததால் எம் மாணவர் படும் குழப்பம் தனிக்கதை.) பொருள் கையருகே இருக்கிறது, சொல்தான் தொலைவில் இருக்கிறது.

இந்தத் தொலைவைக் குறைக்கும் முயற்சி எங்கோ நடந்ததன்று. 1916இல் சேலத்தில் வழக்கறிஞராயிருந்த இராஜாஜி, அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். இயற்பியல், வேதியியல், தாவரவியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்கான சொற்கள் இவ்வூரில் வைத்துத் தேடப்பட்டன. அந்நாளில் வடமொழிச் சாயல் மிகுந்திருந்தது. பௌதிகம் இயற்பியல் ஆனது பின்னர்தான். 1960களிலும் 1970களிலும் கல்லூரிப் பாடங்களுக்கான தமிழ் நூல்கள் அரசு முயற்சியால் வெளிவந்தன. ஆக்கியவர்கள் உழைத்திருக்கிறார்கள். அவற்றைத் திறந்து படித்தவர் எத்தனை பேர் என்பதை நூலக அலமாரித் தூசி சொல்லும்.

சொல் தேடுவது பின்தங்கிய மொழியின் வேலை என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். பாரடே தம் மின்பகுப்பு ஆய்வுகளுக்குப் பெயர் வைக்க ஆங்கிலத்தில் சொல் இன்றித் திகைத்து, 1834இல் கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் என்னும் பல்கலை அறிஞருக்குக் கடிதம் எழுதினார். ஆனோடு, கேத்தோடு, அயான் என்னும் சொற்கள் அந்தக் கடிதப் போக்குவரத்தில் கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தவை. இயற்பியலாரைக் குறிக்கும் ‘பிசிசிஸ்ட்’ என்ற சொல்லை ஆக்கியவரும் அந்த ஹியூவெல்லே. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கிரேக்க நூல்களை அரபுக்குப் பெயர்த்தவர்களும் இதே இடர்ப்பாட்டைச் சந்தித்தவர்கள்தாம். அங்ஙனம் வளம்பெற்ற அரபு மொழியிலேதான் பின்னர் இப்னுல் ஹைதம் ஒளியியலை எழுதினார்.

ஆக்கப்பட்ட சொற்கள் எல்லாம் குற்றமற்றவை என்று நான் வாதிடவில்லை. மின்னழுத்தம் என்றதும் மாணவன் தண்ணீர்க் குழாயின் அழுத்தத்தை நினைக்கிறான். பாதி வழிக்கு அது உதவும், மீதி வழியில் இடறும். மின்னியக்கு விசை என்பது விசையே அன்று, அதன் அலகு வோல்ட்டு. ஆனால் இந்தப் பிழை ஆங்கிலத்திலேயே இருக்கிறது. நாம் அப்படியே இறக்குமதி செய்துகொண்டோம். அரை ஆயுட்காலம் என்று படித்துவிட்டு, அதைப்போல் இருமடங்கு காலம் சென்றால் கதிரியக்கப் பொருள் முழுதும் தீர்ந்துவிடும் என்று எழுதுவோர் உண்டு. உண்மையில் காற்பங்கு எஞ்சியிருக்கும்.

மறுபுறம், தமிழ் ஆங்கிலத்தை வென்ற இடமும் உண்டு. ஓர் உலோகத்திலிருந்து எலக்ட்ரானை வெளியே கொணரத் தேவையான குறைந்த அளவு ஆற்றலை ஆங்கிலத்தில் ‘ஒர்க் ஃபங்ஷன்’ என்கின்றனர். அந்தப் பெயரைக் கொண்டு பொருளை ஊகிக்க எவராலும் இயலாது. தமிழ்ப் பாடநூல் அதை வெளியேற்று ஆற்றல் என்கிறது. ஐன்ஸ்டைன் 1905இல் ஒளிமின் விளைவுக்குத் தந்த விளக்கத்தின் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு நான் பழைய ஒரு ரூபாய்த் தொலைபேசிப் பெட்டியைச் சொல்வேன். நூறு பத்துக்காசுகளைக் கொட்டினாலும் அது பேசாது. ஒரே ஒரு ரூபாய் நாணயம் விழவேண்டும். அதிர்வெண் குறைந்த ஒளியை எவ்வளவு பாய்ச்சினாலும் எலக்ட்ரான் வெளிவராததும் அவ்வாறே என்றபோது, பெட்டியைக் கண்டிராத இன்றைய பிள்ளைகளும் பிடித்துக்கொண்டனர்.

சமுதாயப் பெரியோர் சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டதுண்டு: “ஆங்கிலம் இல்லாமல் வேலை ஏது? பிள்ளைகளைப் பின்னுக்கு இழுக்கிறீர்களே!” அவர்கள் அச்சம் நியாயமானது. மேற்படிப்பும் ஆய்வும் ஆங்கிலத்தில்தான் என்பதை மறுப்பவன் அல்லன் நான். ஆங்கிலத்தை அகற்றச் சொல்லவில்லை. அதற்குள் புகத் தமிழை வாயிலாக வைக்கச் சொல்கிறேன். பொருள் விளங்காத ஆங்கிலம் ஆங்கிலமும் ஆகாது. நாமக்கல் பகுதி விடுதிப் பள்ளிகள் சிலவற்றின் புகழை அனைவரும் அறிவர். பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பையே ஈராண்டு உருப்போடச் செய்த வழக்கம், 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு ஒரு காரணமாயிற்று. உருப்போட்டுப் பெற்ற மதிப்பெண்களோடு வருவோர் எம் கல்லூரியிலும் உண்டு. தமிழ்வழி மாணவனைப் போலவே அவர்களும் ‘இண்டக்‌ஷன்’ என்ற சொல்லின்முன் வாயடைத்து நிற்கின்றனர். தமிழ்வழி, ஆங்கிலவழி என்று இதைப் பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

என் வேண்டுகோள் சிறியது. முதலாண்டில் வாரம் ஒரு மணிநேரம் தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் ஒரே வகுப்பில் அமரட்டும். அவ்வாரப் பாடத்தின் ஐந்தாறு சொற்களை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் அதன் வேர் என்ன, தமிழில் ஏன் இப்படி ஆக்கினர், பட்டறையில் அதற்கு என்ன பெயர் என்று பேசினால் போதும். இலங்கைத் தமிழர் உயர்தர வகுப்புவரை இயற்பியலைத் தமிழிலேயே பயில்கின்றனர்; நாம் மின்னூட்டம் என்பதை அவர்கள் மின்னேற்றம் என்கின்றனர், மின்தேக்கியைக் கொள்ளளவி என்கின்றனர். எது பொருந்துகிறது என்று மாணவரே வழக்காடட்டும். தமிழ்த் தேர்வுக்கும் அது பயிற்சியாகும் என்று துறைத்தலைவர்களுக்கு ஆசை காட்டுகிறேன்.

காயில் கடைப் பையன் மூன்றாம் முறை தேர்ச்சி பெற்றான். இறுதியாண்டில் நவீன இயற்பியல் படிக்கையில் மறுபடி என்னைத் தேடி வந்தான். எலக்ட்ரானின் ‘ஸ்பின்’ என்பதைத் தற்சுழற்சி என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் அது பம்பரம்போல் உண்மையில் சுழல்வதில்லை என்று ஆசிரியர் சொல்கிறார், அப்படியானால் இந்தச் சொல் தவறல்லவா, வேறு சொல் தாருங்கள் என்றான். ஆங்கிலச் சொல்லும் அதே தவற்றைத்தானே செய்கிறது என்று சமாளித்துப் பார்த்தேன். அவன் விடவில்லை. இருவருமாக இயற்பியல் துறைக்குச் சென்றோம். மூவரும் பேசிக்கொண்டிருக்கையில் அடுத்த பாடவேளைக்கு மணி அடித்துவிட்டது. சொல் இன்னும் கிடைக்கவில்லை.