தலையில் ஆபரேஷன், கையில் மரப்பு



மூளை ஆபரேஷன் என்று கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "உயிருக்கு ஆபத்து இல்லையே, டாக்டர்?" நியாயமான கேள்விதான். ஆனால் ஆளை மேசையில் எப்படிக் கிடத்துவார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதையும் கேளுங்கள் என்பதே என் கட்சி.

தூக்கத்தில் கை மரத்தால் புரண்டு படுத்துக்கொள்கிறோம். மயக்க மருந்தில் கிடப்பவர் புரள முடியாது. தலையை ஊசிமுனைப் பிடியில் அசையாமல் இறுக்கி, 6 மணி நேரம், 8 மணி நேரம்கூட ஒரே கிடை. பின்மண்டையில் கட்டி என்றால் குப்புறப் படுக்க வைப்பார்கள். சில சமயம் உட்கார வைத்தே செய்வதும் உண்டு. குப்புறக் கிடந்தால் நெற்றியிலும் மார்பிலும் இடுப்பெலும்பிலும் புண் வரலாம். அபூர்வமாகப் பார்வையே போவதுண்டு. உட்கார்ந்த நிலையில் தலை இருதயத்துக்கு மேலே இருப்பதால், திறந்த ரத்தக் குழாய் காற்றை உறிஞ்சி இருதயத்துக்கு அனுப்பிவிடக்கூடும். இருதயத்தில் ஓட்டை உள்ளவருக்கு அந்தக் காற்று மூளைக்கே ஏறலாம். முழங்கை அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும்.

விரல் போனால் என்ன, உயிர் பிழைத்ததே என்பீர்கள். பால்மரம் வெட்டுகிறவன் கத்தியை எதால் பிடிப்பான்?

டாக்டர்கள் மெத்தென்ற தாங்கல் வைத்துப் பார்த்துத்தான் செய்கிறார்கள். அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 2018ல் வெளியிட்ட அறிவுரை, நோயாளி அந்தக் கிடையைத் தாங்குவாரா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறது. மல்லாந்து கிடப்பவரின் கையை 90 பாகைக்கு மேல் விரிக்க வேண்டாம் என்கிறது. ஆனால் நம் தோளின் கதையை நாம் சொன்னால்தானே தெரியும்? வருஷக்கணக்கில் செம்பனைக் குலை வெட்டித் தோளைத் தூக்க முடியாதவர்கள், கழுத்தைத் திருப்பினால் கை சுரீரென்பவர்கள், இனிப்புநீர்க்காரர்கள், எல்லாரும் மயக்க மருந்து டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மலாய் தடுமாறினால் மகனையோ மகளையோ பக்கத்தில் நிறுத்துங்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்காருவது எனக்குச் சம்மதமில்லை.

மயக்கம் தெளிந்ததும் விரல்களை ஆட்டச் சொல்லிப் பாருங்கள். மரப்பு இருந்தால் வார்டு மிஸியிடம் அன்றே சொல்லுங்கள். பிரிக்பீல்ட்ஸில் உருவிவிட்டால் சரியாகும் என்று கிளம்பாதீர்கள். அங்கே உருவுகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தாம், இடுப்புக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் அழுந்திய நரம்புக்கு அது வைத்தியமல்ல. பலருக்குச் சில வாரங்களில் தெளிந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்காகும். என்னிடம் வந்த ஒரு குலை வெட்டுகிறவர் 3 மாதம் கழித்துத்தான் கையைக் காட்டினார். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. "ஆபரேஷன் தலையில்தானே, கைக்கு என்ன சம்பந்தம்னு இருந்துட்டேன், டிரஸ்ஸர் ஐயா" என்றார்.