சிட்ரோனைப் படித்தவர்கள் கடம்பத்தூரில் இறங்குவதில்லை

தமிழில் தொழிற்சாலையை மையமாகக் கொண்ட படைப்புகள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், நம் சிற்றிதழ் வட்டத்தில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. நம்முடையது வேளாண் சமூகம். இயந்திரம் நம் நனவிலிக்குள் இன்னும் நுழையவில்லை. ஆகவே அது இலக்கியமாகவும் ஆகவில்லை. கேட்பதற்கு ஆழமாகத் தோன்றும் இந்தப் பதிலை, சோம்பலுக்குச் சூட்டப்பட்ட தத்துவப் பெயர் என்றே நான் கருதுகிறேன்.

ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரின்போது பாரீஸின் ழாவெல் பகுதியில் பீரங்கிக் குண்டுகள் செய்துவந்த ஆந்த்ரே சிட்ரோன், 1919-இல் அதே ஆலையில் கார் செய்யத் தொடங்கினார். பத்தே ஆண்டுகளில், 1929-இல், இலியா எரென்பர்க் காரின் வாழ்க்கையை நாவலாக எழுதிவிட்டார். சிட்ரோனே அதில் ஒரு பாத்திரம். 1955-இல் அந்நிறுவனத்தின் டி.எஸ். கார் பாரீஸ் கண்காட்சிக்கு வந்தது. ரொலான் பார்த் அதைக் கோதிக் தேவாலயங்களுக்கு இணைவைத்து எழுதிய கட்டுரை 1957-இல் 'மித்தாலஜீஸ்' நூலில் வெளிவந்தது.

மூன்றாவது நூல் இவற்றினும் முக்கியமானது. அல்தூசரின் மாணவரான ரொபேர் லின்ஹார் 1968-இல் பாரீஸின் ஷுவாஸி பகுதியிலிருந்த சிட்ரோன் ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அந்த அனுபவத்தைப் பத்தாண்டுகள் கழித்து, 1978-இல், நூலாக்கினார். அதில் ஒரு முதிய தொழிலாளி வருகிறார். நசுங்கிய கார்க் கதவுகளைச் சீர்செய்வதற்குத் தன் கைக்கு ஏற்றபடி தானே ஒரு மேசையைச் செய்து வைத்திருக்கிறார். நிர்வாகம் ஒருநாள் அதை அகற்றிப் புதிய மேசை ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறது. அவருடைய கை தடுமாறுகிறது. பார்க்க வந்த அதிகாரிகள் முன்னால் அவமானப்பட்டு நிற்கிறார். பார்த் கண்டது கண்காட்சியில் காரைத் தடவிப் பார்க்கும் கைகளை. லின்ஹார் கண்டது இந்தக் கையை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் பிர்லாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் மண்வாரி இயந்திரங்கள் செய்யத் தொடங்கியது. பின்னர் அந்தப் பிரிவு, 1925-இல் அமெரிக்காவில் உருவான கேட்டர்பில்லரின் கைக்குப் போயிற்று. 1917-இலேயே கார் செய்த மிட்சுபிஷியின் லான்சர், 1998 முதல் கடம்பத்தூரை ஒட்டிய அதிகத்தூரில் தயாரானது. 2017-இல் பிர்லா குழுமத்தோடு பிரெஞ்சு நிறுவனம் கைகோத்தது. 2021-இல் அந்தத் திருவள்ளூர் ஆலையிலிருந்தே சிட்ரோன் கார்கள் வெளிவரத் தொடங்கின. எரென்பர்க்கும் பார்த்தும் லின்ஹாரும் எழுதிய அதே சிட்ரோன்! 1982-இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்த நாள்முதல் பார்த்தையும் அல்தூசரையும் மேற்கோள் காட்டி ஒருவரையொருவர் வசைபாடிய நாம், அந்தக் கார் நம் வாசலில் வந்து நின்றபோது ஒரு வரி எழுதவில்லை. கவனிக்கக்கூட இல்லை என்பதே உண்மை.

வேளாண் சமூகம் என்ற வாதத்துக்கு மீண்டும் வருகிறேன். ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிக'ளில் உப்பளத்தை எழுதவில்லையா? டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் திண்டுக்கல் தோல் ஷாப்புகளை எழுதவில்லையா? அங்கேயெல்லாம் குறுக்கே வராத நனவிலி, கார் ஆலையின் வாசலில் மட்டும் எதற்காக வழிமறிக்கிறது? (போய்ப் பார்ப்பதற்குப் பதிலாகக் கோட்பாடு பேசுவது நமக்கு எளிது. இந்தக் குற்றச்சாட்டில் நானும் அடக்கம்.)

ஆலைக்குள் விடமாட்டார்கள் என்பார்கள். லின்ஹாரையும் எழுத்தாளர் என்று தெரிந்து யாரும் உள்ளே விடவில்லை. எல்லோரும் வேலைக்குச் சேர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஊரில் ஈழ அகதிகள் முகாமும் இருக்கிறது. எந்த இலக்கியக் கூட்டத்துக்காவது இவர்களில் ஒருவரை அழைத்து, உங்கள் ஷிப்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நாம் கேட்டதுண்டா?

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மின்சார ரயிலில் ஏறினால், திருவள்ளூரைத் தாண்டிச் சற்று நேரத்தில் கடம்பத்தூர் வந்துவிடும். அல்தூசரை அந்தப் பயணத்திலேயே படித்துக்கொண்டு போகலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.