வீட்டிலேயே பயிலும் பதின்வயதினர்: பாடத்திட்டத் தேர்வில் மறைந்திருக்கும் சிக்கல்கள்

புது தில்லி: பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளைகளை வீட்டிலேயே பயிற்றுவிக்கும் பெற்றோர், தொடக்க வகுப்புகளில் எந்தப் புத்தகத்தையும் எந்த முறையையும் தேர்ந்துகொள்ளலாம். எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. பிள்ளைக்குப் பதினான்கு வயது நெருங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. எந்த வாரியத்தின் தேர்வை எழுதுவது என்ற கேள்விக்கு அளிக்கும் விடையே, அதன் பின்னர் எந்தக் கல்லூரிகளின் கதவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால், அதை மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வி என்ற சொல்லே சட்டத்தில் இடம்பெறவில்லை. இந்த மௌனத்தின் நிழலில்தான் இக்குடும்பங்கள் இயங்கிவருகின்றன. 14 வயதுக்குப் பிறகு சட்டம் விலகிக்கொள்ள, அதன் இடத்தைத் தேர்வு வாரியங்களின் விதிகள் பிடித்துக்கொள்கின்றன.

சிபிஎஸ்இ தேர்வை வீட்டிலிருந்து படித்து நேரடியாக எழுதுவது ஏறத்தாழ இயலாத காரியம். தனித்தேர்வர் வாய்ப்பு பெரும்பாலும் முன்பே எழுதித் தவறியவர்களுக்கானது. மற்றவர்களுக்கு 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். பெயருக்கு ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டு வீட்டிலோ பயிற்சி மையத்திலோ படிக்கவைக்கும் வழக்கத்தையும் வாரியம் இப்போது பொறுத்துக்கொள்வதில்லை. 2024 நவம்பரில் தில்லி, ராஜஸ்தானைச் சேர்ந்த 21 பள்ளிகளின் இணைப்பை அது ரத்து செய்தது.

எஞ்சும் முக்கிய வழி, 1989-இல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ். பத்தாம் வகுப்புக்கு 14 வயதும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயதும் நிறைந்திருந்தால் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு; பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்; அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஐந்து பாடங்களில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த நெகிழ்வே சில குடும்பங்களைச் சிக்கவைக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். அதற்கு முன்னர் அதிகபட்சம் நான்கு பாடங்களையே எழுத முடியும். பத்தாம் வகுப்பை 16 வயது வரை தள்ளிப்போடும் மாணவர், 18 வயதுக்கு முன் கல்லூரி செல்ல இயலாது. பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதுவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வுக்கான தகுதி, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முதன்முறை எழுதிய ஆண்டைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கு 75 சதவீத மதிப்பெண்ணோ, அந்த வாரியத்தின் முதல் 20 சதவீதத்தினருள் இடமோ தேவை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மதிப்பெண் வரம்பு 65 சதவீதம்.

மருத்துவம் படிக்க விரும்புவோரின் நிலை நீண்டகாலம் ஊசலாடியது. திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதக்கூடாது என்ற விதியை 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கையில் தேசிய மருத்துவ ஆணையம் தன் நிலையை மாற்றிக்கொள்ள, 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிவுக்கு வந்தது. ஆறு ஆண்டுகள் என்பது ஒரு மாணவருக்கு எவ்வளவு பெரிய காலம் என்பதை எந்தத் தீர்ப்பும் கணக்கில் எடுப்பதில்லை.

சான்றிதழே வேண்டாம், திறமை போதும் என்பாரும் உண்டு. அவர்கள் சுட்டிக்காட்டுவது, 2016-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் இடம்பெற்ற மும்பைச் சிறுமியை. பள்ளியை விட்டு வீட்டிலேயே படித்த அவர், சர்வதேச கணினி நிரலாக்க ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வென்றவர். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐஐடி அவருக்கு எட்டாததாயிற்று. இந்தியாவில் அவரை ஏற்க முன்வந்தது சென்னைக் கணிதக் கழகம். இது விதிவிலக்கேயன்றி வழிகாட்டி அன்று; மூன்று பதக்கங்களை எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்க முடியாது.

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ, ஏ லெவல் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் தேர்வு மையமாக இயங்கும் பள்ளி ஏதேனும் அவர்களை ஏற்க வேண்டும், கட்டணமும் பன்மடங்கு. ஐஜிசிஎஸ்இ அறிவியலில் செய்முறைக்கு மாற்றாக எழுத்துத் தாள் உண்டு. ஏ லெவலில் ஆய்வகத்தைத் தவிர்க்க இயலாது. இந்தியக் கல்லூரியில் சேர இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இணைச்சான்றும் கேட்கப்படலாம் என்பதால், பாடங்களைத் தேரும்போதே அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுவது நல்லது.

இணையவழி வகுப்புகளைப் பொறுத்தவரை, பெற்றோர் பலரும் வகுப்பை முதலில் வாங்கிவிட்டுத் தேர்வைப் பிறகு யோசிக்கின்றனர். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். என்ஐஓஎஸ் பாடங்கள் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. என்சிஇஆர்டி பாடங்களுக்குத் திக்‌ஷா தளம் உள்ளது. தனியார் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை இவை: எந்த வாரியத்தின் பாடநூலைப் பின்பற்றுகிறார்கள்? மாணவர் எழுதும் விடையை எவரேனும் திருத்தித் தருகிறார்களா, பதிவு செய்த காணொலி மட்டுந்தானா? என்ஐஓஎஸ் மதிப்பெண்ணில் ஆசிரியர் மதிப்பிடும் ஒப்படைப்புக்கும் 20 சதவீதம் உண்டு. அதற்குப் பயிற்சி உண்டா? இயற்பியலையும் வேதியியலையும் எந்தச் செயலியும் முழுமையாகத் தர இயலாது. செய்முறைத் தேர்வு ஒதுக்கப்படும் கல்வி மையத்தில்தான் நடைபெறும். அந்த மையத்தில் ஆய்வகம் எப்படி இருக்கிறது என்பதைப் பதிவு செய்யும் முன்னரே நேரில் சென்று பார்த்துவிடலாம்.