உழவனுக்குப் புரியாத பத்திரம்

உயர் நீதிமன்றம் ரிட் மனுவில் போடும் உத்தரவு எதைப் புரட்டினாலும், ‘இம்பியூன்டு ஆர்டர்’ என்று ஒன்று கண்ணில் படும். மனுதாரர் எதிர்த்து வந்திருக்கும் உத்தரவு என்பதுதான் பொருள். பட்டாவை ரத்து செய்த கோட்டாட்சியரின் ஆணையை எதிர்த்து மதுரைக் கிளைக்கு ஒருவர் வந்தால், அந்த ஆணைக்கு அன்று முதல் இதுதான் பெயர். அது சரியா, தவறா என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் என்னிடம் வரும் கட்சிக்காரர்கள், கைப்பேசியில் அர்த்தம் தேடிவிட்டு, “தப்பான உத்தரவுன்னு ஐகோர்ட்டே எழுதியிருக்கே சார், அப்புறம் எப்படித் தள்ளுபடி ஆச்சு?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இம்பியூன் என்ற அந்த வினைச்சொல் லத்தீனில் ‘புக்னுஸ்’, அதாவது முஷ்டியிலிருந்து பிறந்தது. முஷ்டியிலிருந்து சண்டை, சண்டையிலிருந்து மேலே பாய்ந்து தாக்குதல். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது வாதத்தால் தாக்குவதாகிவிட்டது. அந்த நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய ‘பியர்ஸ் பிளவ்மன்’ கவிதையிலேயே இச்சொல் உண்டு. உழவன் பியர்ஸின் கையில் ஒரு பாவமன்னிப்புப் பத்திரம். அதில் இருப்பதோ இரண்டே வரி லத்தீன். பாதிரியார் வாங்கிப் பார்த்து, ஆங்கிலத்தில் பொருள் சொல்கிறேன் என்கிறார். பிறகு, இதில் மன்னிப்பே இல்லை என்று மறுக்கிறார். அந்த மறுப்பைக் குறிக்கத்தான் லாங்லண்ட் இந்த வினையைக் கையாள்கிறார். பியர்ஸ் ஆத்திரத்தில் பத்திரத்தைக் கிழித்துவிடுகிறான். அந்த ஆத்திரத்தை எங்கள் நீதிமன்ற வராந்தாவில் நான் பார்த்திருக்கிறேன்.

லாங்லண்ட் காலத்து இங்கிலாந்தில் வழக்காடுமொழி பிரெஞ்சு. 1362இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. தனக்கு ஆதரவாகவும் எதிராகவும் வக்கீல்கள் பேசுவது வழக்காளிக்கே விளங்கவில்லை, எனவே ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்றது அது. ஆவணங்களிலிருந்து லத்தீன் அகல 1733 வரை ஆனது. தங்கள் மொழிக்காக இத்தனை காலம் போராடியவர்களின் மொழியை நாம் இன்று வழக்காளிக்கும் நீதிபதிக்கும் நடுவே சுவராக எழுப்பி வைத்திருக்கிறோம்.

உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தோடு மாநில மொழியையும் பயன்படுத்த அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவு வழி விட்டிருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் கிடைத்தது. தமிழுக்காக நம் சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் போட்டது. 2012இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு ஏற்க மறுத்தது. இந்திக்குப் பொருந்திய பிரிவு தமிழுக்கு ஏன் பொருந்தாது? சட்டச் சொல் போதாது என்பதை நான் ஏற்கமாட்டேன். மேல்முறையீடு, தடையாணை, வாய்தா, தள்ளுபடி என்று கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடக்கத்தான் செய்கிறது. ‘எதிர்க்கப்பட்ட உத்தரவு’ என்று எழுதினால் எந்தச் சட்டம் கெட்டுவிடும்?

அந்தத் தீர்மானம் நடைமுறைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் உத்தரவுடனும் தமிழில் அரைப்பக்கம் போதும்: எந்த ஆணையை எதிர்த்தீர்கள், நீதிமன்றம் என்ன சொன்னது, அடுத்து எங்கே, எதற்குள் போகலாம். ரிட் மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். அதில் பல நாள், கையில் இருக்கும் காகிதத்துக்குப் பொருள் கேட்டு அலைவதிலேயே போகிறது.