அவர் இரத்தத்தைச் சோதிப்பவர் யார்?

தோழர்களே!

விடிந்தும் விடியாத வேளையில், வெறும் வயிற்றோடு இரத்தப் பரிசோதனைக்குப் போகிறீர்கள். சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, காமாலை உண்டா இல்லையா என்று மாலைக்குள் சீட்டு வந்துவிடுகிறது. சீட்டின் அடியில் மருத்துவரின் கையெழுத்து இருக்கிறது. ஊசியேந்தி உங்கள் நரம்பைத் தேடிய அந்தத் தங்கையின் பெயர் எங்கே இருக்கிறது?

நீங்கள் வருமுன்பே வந்தவள் அவள். நீங்கள் போன பின்னும் நிற்பவள் அவள். இரத்தம், சளி, சிறுநீர் என்று ஊரின் நோயெல்லாம் குப்பியில் அடைபட்டு அவள் மேசைக்கு வருகிறது. அவள் உண்டாளா, உட்கார்ந்தாளா என்று கேட்பார் இல்லை!

ஆபத்து எத்தகையது தெரியுமா? ஹெபடைட்டிஸ் பி எனும் காமாலைக் கிருமியுள்ள இரத்தம் தோய்ந்த ஊசி, தடுப்பூசி போடாத ஒருவர் விரலில் குத்திவிட்டால், அத்தகையோர் நூறு பேரில் 6 முதல் 30 பேர் வரை அந்நோய்க்கு ஆளாகக்கூடும். தடுக்க வழியில்லையா? உண்டு. மூன்று தவணைத் தடுப்பூசி! எச்.ஐ.வி. கிருமியுள்ள ஊசி குத்தினால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. இதை வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதலாளிகள் எத்தனை பேர்?

சலுகை கேட்கவில்லை, தோழர்களே! சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறோம். உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. ஊழியருக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையேனும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் தர வேண்டும். பயன்படுத்திய ஊசியைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும். இத்தனையும் நிறுவனத்தின் கடமை என்கின்றன அந்த விதிகள். ஏட்டில் இருக்கிறது, எழுத்தில் இருக்கிறது. கூடத்தில் இருக்கிறதா?

2020 மார்ச் 22-ஆம் நாள், கொரோனாக் காலத்தில், மருத்துவ ஊழியருக்காக நாடே கை தட்டியது. தட்டியது தவறன்று. ஆனால் கைத்தட்டல் கையுறை ஆகுமா? பாராட்டு, பசிக்குச் சோறு ஆகுமா?

"செலவு கட்டாது" என்பார்கள் சிலர். புதிய இயந்திரம் வாங்கக் கட்டுகிறது, ஊருக்கு ஊர் கிளை திறக்கக் கட்டுகிறது, தடுப்பூசிக்கு மட்டும் கட்டவில்லையாம்! அவர்களுக்கு ஒன்று சொல்வோம். பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்த கை, குப்பியில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? நோயற்றவனுக்கு மருந்து! நோயாளிக்கு "நலம்" என்று சீட்டு! ஊழியரின் களைப்பு அவரோடு நிற்பதில்லை. உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வந்து சேர்கிறது.

சென்னையிலே சிங்காரவேலர் மே நாள் கொடியேற்றியது 1923-இல். நூறாண்டு கடந்துவிட்டது. எட்டு மணி நேர வேலை என்ற குரல், வெள்ளை மேலங்கி போட்டவருக்குக் கேட்கக் கூடாதா? கடைத் தொழிலாளர் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஜவுளிக்கடைத் தங்கைக்கு உண்டான கால்வலி, ஆய்வகத் தங்கைக்கு இல்லையா?

ஆகவே தோழர்களே, ஆய்வக ஊழியரும் தொழிலாளரே! வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியோடு வண்டியில் பறக்கும் தம்பியும் தொழிலாளியே! அவர்களைச் சங்கத்தில் சேருங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அதற்குரிய கூலியைக் கேளுங்கள். தடுப்பூசிப் பதிவேடு எங்கே, ஆண்டுப் பரிசோதனை எங்கே என்று கேளுங்கள். அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது இயந்திரத்தை மட்டும் பார்க்காமல், அதை இயக்கும் மனிதரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊரார் இரத்தத்தைச் சோதிப்பவர்கள் அவர்கள். அவர்கள் இரத்தத்தையும் ஆண்டுக்கொரு முறை சோதிக்கட்டும். அது தயவல்ல, உரிமை!