கேட்டுவிட்டு உதவுங்கள்

எழும்பூர் ரயில் நிலையத்தில் வெள்ளைக் கோலுடன் ஒருவர் நின்றால் போதும். நல்ல மனசுக்காரர் யாராவது ஓடிவந்து அவர் கையையோ கோலையோ பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுவார். எந்த நடைமேடைக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கவே மாட்டார். பார்வையற்றவருக்குத் தரையைச் சொல்வது அந்தக் கோல்தான். அதைப் பிடித்தால் வழி தவறும். ‘உதவி வேணுமா சார்?’ என்று கேளுங்கள். சரி என்றால் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரையடி பின்னால் நடந்து வருபவருக்குப் படியும் பள்ளமும் உங்கள் உடல் அசைவிலேயே தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் நகருங்கள். சக்கர நாற்காலியையும் கேட்காமல் தள்ளக் கூடாது. வங்கியிலும் மருத்துவமனையிலும் இன்னொரு வழக்கம் உண்டு. ஆள் எதிரிலேயே இருக்க, ‘இவருக்கு என்ன வேணும்?’ என்று கூட வந்தவரிடம் கேட்பார்கள். காது கேளாதவரை விட்டுவிட்டு, சைகைமொழி பெயர்ப்பவரைப் பார்த்தே பேசுவதும் அதே ரகம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 92ஆவது பிரிவு, பலர் பார்க்க வேண்டுமென்றே அவமானப்படுத்துவோருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. துணைக் கருவியின் பயன்பாட்டில் வேண்டுமென்றே குறுக்கிடுவதும் அதில் குற்றம். ஆனால், அன்றாடம் நடப்பது நல்லெண்ணத்தோடு செய்யும் அவமரியாதை. அதற்குத் தண்டனை தீர்வாகாது, பழக்கம்தான் மாற வேண்டும். நடத்துநர், வங்கி ஊழியர், செவிலியர் பயிற்சிகளில் இதற்கென அரை நாள் ஒதுக்கட்டும். மாற்றுத்திறனாளிகளே வந்து வகுப்பெடுக்கட்டும்.